பிள்ளையை அடிக்காதீர்கள், குடும்பத்தைப் பழிக்காதீர்கள்



சில வருடங்களுக்கு முன் ஒரு தம்பதியர் தங்கள் எட்டு வயது மகனை என்னிடம் அழைத்து வந்தனர். "ஓயாம கண்ணைச் சிமிட்டுறான், தோளைக் குலுக்குறான், தொண்டையைச் செருமுறான். அடிச்சாலும் நிறுத்த மாட்டேங்கிறான்" என்றார் தாய். "எல்லாம் உன் பொறந்த வீட்டு வாகு!" என்றார் கணவர். சொல்லி முடிப்பதற்குள் அவரே இரண்டு முறை தொண்டையைச் செருமினார். விசாரித்தபோது, சிறுவயதில் தமக்கும் இப்படி இருந்தது, அதற்காக அப்பாவிடம் அடி வாங்கியதுண்டு என்று மெல்லச் சொன்னார்.

இது சேட்டையல்ல, பேயல்ல, ஒட்டுவாரொட்டியும் அல்ல. டாக்டர்கள் இதை 'டிக்' என்பார்கள். அசைவுகளைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதிகளின் வேலையில் ஏற்படும் மாறுதல் இது. பெரும்பாலும் 4 முதல் 7 வயதுக்குள் தொடங்கும். ஆண் பிள்ளைகளுக்கே அதிகம். 10 முதல் 12 வயதில் கூடுதலாகத் தெரியும். வாலிப வயதில் பலருக்குக் குறைந்துவிடும். இடையில் கூடும், குறையும்; ஒன்று போய் இன்னொன்று வரும். பயமும் அசதியும் இதை அதிகமாக்கும்.

"கொஞ்ச நேரம் அடக்குறானே, அப்போ வேணும்னுதானே செய்யறான்?" என்று கேட்பீர்கள். தும்மலை எவ்வளவு நேரம் அடக்குவீர்கள்? அதுபோலத்தான் இதுவும்.

பலவித உடல் அசைவுகளும், ஒரு குரல் ஒலியாவதும் ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அதற்கு 'டூரெட்' என்று பெயர். 1885-ல் இதை விவரித்து எழுதிய பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது.

இது குடும்பவழியில் வரக்கூடியது. தாய்வழியிலும் வரலாம், தந்தைவழியிலும் வரலாம். பெற்றோருக்கு இருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும் என்பதில்லை. ஒரே குடும்பத்தில் ஒருவருக்குக் கண்சிமிட்டல், இன்னொருவருக்குப் பூட்டிய கதவைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவிப்பு, வேறொருவருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாத துறுதுறுப்பு என்றும் இருக்கலாம். இதில் யார் குற்றமும் இல்லை.

ஆகவே, திட்டாதீர்கள், அடிக்காதீர்கள். நன்றாகத் தூங்க விடுங்கள். ஆசிரியரிடம் விவரத்தைச் சொல்லுங்கள். மற்றவர்கள் கேலி செய்ய இடம் கொடுக்காதீர்கள். லேசாக இருந்தால் மருந்தே வேண்டாம். படிப்புக்கோ உடம்புக்கோ இடைஞ்சலானால் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அடக்கப் பழகும் பயிற்சியும், தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. நினைவு தப்பினாலோ, காய்ச்சல் மூட்டுவலிக்குப் பின் கைகால் தாமாக ஆடினாலோ அது வேறு நோயாக இருக்கலாம். தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்தத் தகப்பனார் அன்று மகன் கையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினார். நீங்களும் பிள்ளையின் கையைப் பிடியுங்கள்.