ஊரெல்லாம் கோமதி, யாருடைய ஆர்டர்?

ஆன்லைனில் ஒரு சேலை வாங்கியிருக்கிறீர்கள். சொன்ன தேதி தாண்டியும் வரவில்லை. கடையின் வாட்ஸ்அப்பில் கேட்டால் நொடியில் பதில் வருகிறது. பல கடைகளில் இப்போது அந்தப் பதிலை எழுதுவது ஏ.ஐ. ஏஜென்ட். உங்கள் ஆர்டரைப் பற்றி அதற்குத் தானாக ஒன்றும் தெரியாது. கடையின் கணக்கில் தேடிப் பார்க்க ஒரு கருவியைக் கொடுத்து, அதை எப்படிக் கையாள வேண்டும் என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்திருப்பார்கள். அந்தக் குறிப்பை எழுதுவதுதான் சங்கரன்கோவில்காரனான என்னுடைய தொழில்.

எழுதி வைத்ததை ஏஜென்ட் அப்படியே நம்பும். எழுதாமல் விட்டதை ஊகித்துக்கொள்ளும். ஆகவே எதை எழுதாமல் விடுகிறோம் என்பதில்தான் எனக்குக் கவலை அதிகம்.

2024 நவம்பரில் ஆந்த்ராபிக் நிறுவனம் 'மாடல் கான்டெக்ஸ்ட் ப்ரோட்டோகால்' என்ற பொது முறையை வெளியிட்டது. அதன்படி ஒரு கருவிக்குப் பெயர் இருக்கும், விளக்கம் இருக்கும், தேடுவதற்கு என்னென்ன விவரம் தர வேண்டும் என்ற வரையறை இருக்கும். பெயரும் வரையறையும் சீக்கிரம் முடிந்துவிடும். நான் எழுதும் குறிப்பு அந்த விளக்கம்தான், எனக்குப் பிடித்ததும் அதுதான். அங்கேதான் ஊரும் மனிதர்களும் உள்ளே வருகிறார்கள்.

எங்கள் ஊர் விசைத்தறிக் காட்டன் சேலைகளை ஆன்லைனில் விற்கும் ஒரு கடைக்கு இந்த வேலையைச் செய்தேன். கருவியோடு வந்த விளக்கம் ஒரே வரி: 'ஆர்டர் விவரங்களைத் தரும்.' சோதனையில் வாடிக்கையாளர் போல எழுதிப் பார்த்தோம்: 'நான் கோமதி, சங்கரன்கோவில். என் சேலை எங்கே?' சங்கரநாராயணரும் கோமதி அம்மனும் குடியிருக்கும் ஊர் இது, நேயர்களே. வீட்டுக்கு ஒரு கோமதி, தெருவுக்கு நாலு சங்கர், போதாததற்குக் கோமதிநாயகமும் சங்கரநாராயணனும். கருவி பல கோமதிகளின் ஆர்டர்களை எடுத்துக் கொடுத்தது. ஏஜென்ட் முதலில் இருந்ததை எடுத்துக்கொண்டு, 'உங்கள் சேலை நேற்றே டெலிவரி ஆகிவிட்டது' என்றது. இன்னொரு பெண்ணின் வீட்டு முகவரியையும் சேர்த்துச் சொன்னது. சோதனையிலேயே இது தெரியவந்தது நல்லதாயிற்று.

பிறகு எழுதினேன்: 'பெயரை மட்டும் வைத்துத் தேடாதே. ஆர்டர் எண்ணையும், ஆர்டர் போடும்போது கொடுத்த செல்போன் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தையும் கேட்டு வாங்கு. ஒன்றுக்கு மேல் விடை வந்தால் நீயாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காதே. எவருடைய முகவரியையும் வாசித்துக் காட்டாதே.'

அடுத்தது 'ஷிப்டு' என்ற சொல். கணினியில் அப்படி வந்தால் பார்சல் கிளம்பிவிட்டது என்றுதான் ஏஜென்ட் சொல்லும். பேக்கிங் பார்க்கும் அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன்.

"ஸ்டிக்கர் ஒட்டிட்டாலே ஷிப்டுதான் தம்பி."

"வண்டியில எப்ப ஏறும் அண்ணாச்சி?"

"அது மறுநாள் காலையில. ஆடித்தபசுத் திருவிழா சமயம்னா இன்னும் ஒரு நாள் ஆகும். ரத வீதிப் பக்கம் வண்டியே வர முடியாதுல்லா."

அவர் சொன்னது எந்தக் கணினியிலும் பதிவாகியிருக்கவில்லை. அதை அப்படியே விளக்கத்தில் சேர்த்தேன். இந்தத் தொழிலில் நல்ல வரிகள் எனக்குப் பெரும்பாலும் இப்படித்தான் கிடைத்திருக்கின்றன, பார்சல் கட்டும் மேசைக்குப் பக்கத்தில் நின்று கேட்டு.

எல்லாவற்றையும்விட நான் அதிக நேரம் செலவழிப்பது, கருவி வெறுங்கையோடு திரும்பும் இடத்தில். 'விடை இல்லை' என்று வந்தால் ஆர்டரே இல்லை என்று அர்த்தமில்லை. எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருக்கலாம். வேறொரு விற்பனைத் தளம் வழியாக வாங்கியிருக்கலாம். பணம் போய், ஆர்டர் இன்னும் கணக்கில் ஏறாமல் இருக்கலாம். இல்லையென்றால் கருவியே அந்த நேரம் ஓடாமல் நின்றிருக்கலாம். யுபிஐயில் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கும் ஒருவரிடம் 'அப்படி ஓர் ஆர்டரே இல்லை' என்று சொன்னால் அவர் மனம் என்ன பாடுபடும்? அதனால் ஒவ்வொரு சூழலுக்கும் தனித்தனியாக எழுதுகிறேன்: எதை மறுபடி கேட்க வேண்டும், எப்போது சற்றுப் பொறுத்துத் தேட வேண்டும், எப்போது கடைக்காரரிடமே ஒப்படைக்க வேண்டும் என்று.

நேரம் குறைவு, இரண்டு செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல கணினிகள் உலகப் பொது நேரத்தில் பதிவு செய்கின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே. பத்தாம் தேதி அதிகாலை மூன்று மணிக்குப் போட்ட ஆர்டர், கணக்கில் ஒன்பதாம் தேதி இரவு என்று நிற்கும். இதை எழுதி வைக்கவில்லையென்றால் ஏஜென்ட் தேதியைத் தவறாகச் சொல்லும். இரண்டாவது, இந்தக் கருவி பார்க்க மட்டும்தான், ஆர்டரை ரத்து செய்யவோ மாற்றவோ முடியாது என்பதையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் 'ரத்து செய்துவிட்டேன்' என்று அது வாக்குக் கொடுத்துவிடக்கூடும்.

அந்த வாக்குக்குப் பொறுப்பு யார் என்று கேட்பீர்கள். கடைதான். ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட், துக்க நிகழ்வுக்கான கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொன்னது. 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம், நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி இழப்பீடு கொடுக்க வைத்தது. நம் நாட்டிலும் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். புகார் என்று வந்தால் மனிதரிடம் ஒப்படைக்கும் வழியையும் குறிப்பிலேயே எழுதியாக வேண்டும்.

புளியங்குடியிலோ சுப்புலாபுரத்திலோ ஆன்லைன் கடை வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஏஜென்டை அமைத்துத் தருகிறவரிடம் கருவியின் விளக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்கள் பேக்கிங் ஆளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தமிழிலேயே திருத்துங்கள். வாங்குகிறவர்கள் ஆர்டர் எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். ஓடிபியை மட்டும் ஏஜென்ட் கேட்டாலும் சரி, ஆள் கேட்டாலும் சரி, சொல்லிவிடாதீர்கள்.