அறையின் குரல்



கிதாரின் தந்தியை மீட்டினால் எழும் ஒலி மிகச் சிறியது, விரைவில் மாய்ந்துபோவது. திறந்த வெளியில் வாசித்தால், விரலை எடுத்த சிறிது நேரத்திற்குள் நாதம் காற்றோடு கலந்துவிடும். அதே கிதாரை உயர்ந்த கூரையும் கற்சுவரும் உடைய ஒரு மண்டபத்தில் வாசிக்கக் கேளுங்கள். ஒவ்வொரு சுரமும் அடுத்த சுரத்தின் தோள்மீது கைபோட்டுக்கொண்டு வருவதுபோல் இருக்கும். தந்தியும் அதுவே, விரலும் அதுவே. வேறுபாடு அறையினால் வந்தது. ஒலிப்பதிவு செய்வோர் அறையின் இந்தப் பங்கை எவ்வாறு கையாள்கின்றனர் என்பதே நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

எதிரொலி வேறு, எதிர்முழக்கம் வேறு என்று பௌதிகப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. பதினேழு மீட்டருக்கு அப்பாலுள்ள சுவரில் பட்டுத் திரும்பினால்தான் கைத்தட்டலை இரண்டாவது முறையாகத் தனித்துக் கேட்க முடியும். அறைக்குள் நிகழ்வது அதுவன்று. தரை, கூரை, சுவர், பெஞ்சு எனப் பலவற்றிலும் பட்டு, நூற்றுக்கணக்கான மறுபதிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி வருகின்றன. காது அவற்றைப் பிரித்தறியாது. ஒரே ஒலி நீண்டு தேய்வதாகவே உணரும். அதுதான் எதிர்முழக்கம்.

இதனை முதன்முதலில் அளந்து கணக்கிட்டவர் வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர்கள் பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. சொன்ன ஒரு சொல் ஐந்தரை நொடி வரை நின்று முழங்கியது. அதற்குள் அடுத்த பத்துப் பன்னிரண்டு சொற்களும் வந்து அதன்மேல் விழுந்தன. 1895ஆம் ஆண்டில் இக்குறையைத் தீர்க்கும் பொறுப்பு சபைனிடம் வந்தது. ஊர் அடங்கிய இரவு வேளைகளில் ஓர் ஆர்கன் குழாயை ஊதச் செய்து, ஒலி முற்றும் மறையும் நேரத்தைக் கடிகாரம் வைத்துக் குறித்தார். அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி, மெத்தை கூடக் கூட முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார். விடிவதற்குள் அத்தனை மெத்தைகளும் மீண்டும் பழைய இடத்திற்குச் சென்றாக வேண்டும்! அறையின் கொள்ளளவு பெருகினால் முழக்கநேரம் கூடும். ஒலியை உறிஞ்சும் பொருள் பெருகினால் குறையும் என்னும் விதி இவ்வாறு பிறந்தது. அவ்விதியைக் கொண்டு கட்டப்பெற்று 1900இல் திறக்கப்பெற்ற பாஸ்டன் சிம்பொனி மண்டபத்தை இன்றும் இசைவாணர்கள் புகழ்கின்றனர்.

பேச்சுக்குப் பகையான இம்முழக்கம் இசைக்கு நட்பாகிறது. ஆனால் நல்ல மண்டபம் எல்லா ஒலிப்பதிவு நிலையத்திற்கும் வாய்க்குமா? அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரத்து நிலையம் ஒன்றுக்கு அது வாய்க்கவில்லை. லீ ஹேசில்வுட் என்ற பதிவாளர், ஏறத்தாழ 2,000 காலன் கொள்ளும் பெரிய இரும்புத் தொட்டி ஒன்றை வாங்கி நிலையத்துக்கு வெளியே வைத்தார். தொட்டியின் ஒரு முனையில் ஒலிபெருக்கி, மறு முனையில் மைக். உள்ளே டுவேன் எட்டி வாசித்த கிதார், தொட்டிக்குள் முழங்கி வெளிவந்தது. 1958இல் அவருடைய ‘ரெபெல் ரௌசர்’ இசைத்தட்டு பெரும்புகழ் பெற்றதற்கு அந்தத் தொட்டிக்கும் பங்குண்டு. தொட்டியின்மேல் பறவைகள் வந்தமர்ந்தால் பதிவை நிறுத்தி விரட்ட வேண்டியிருந்ததாம். அதே காலத்தில் ஜெர்மனியில் தொங்கவிட்ட எஃகுத் தகட்டை அதிரச் செய்து முழக்கம் உண்டாக்கும் கருவியும் வந்தது. அதன் எடை ஏறத்தாழ 270 கிலோ. அறையைத் தூக்கிச் செல்வதைவிட அது எளிது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இன்று தொட்டியும் வேண்டாம், தகடும் வேண்டாம். அதற்கு அடிப்படையான கருத்தை நம் வீட்டுப் பெண்கள் நெடுங்காலமாக அறிவர். சந்தையில் மண்பானை வாங்கும்போது விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டி, காதில் வாங்கிக்கொண்டு, நல்ல பானை, ஓட்டைப் பானை என்று சொல்லிவிடுகிறார்கள் அல்லவா? அந்த ஒரு தட்டுக்குப் பானை தன் இயல்பை விடையாகச் சொல்லிவிடுகிறது. மண்டபத்தையும் அவ்வாறே தட்டலாம். ஒரு பலூனை வெடித்து, அல்லது வெற்றுத் தோட்டாவைச் சுட்டு, அதன்பின் மண்டபம் முழங்கி அடங்கும் ஒலியைப் பதிவு செய்தால், அதுவே அம்மண்டபத்தின் ‘இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்’; கண நேரத் தாக்குதலுக்கு அறை தரும் மறுமொழி. தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிக்கு ஏறிச்செல்லும் ஒலியைப் பாய்ச்சி, கணக்கினால் அம்மறுமொழியைப் பிரித்தெடுப்பது இன்னும் துல்லியமான முறை.

இனி அதனைக் கிதாரோடு சேர்ப்பது எப்படி? கணிப்பொறி ஒலியை நொடிக்கு 44,100 எண்களாகத் துண்டாக்கி வைத்திருக்கிறது. ஒவ்வோர் எண்ணையும் ஒரு சிறு கைத்தட்டலாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தட்டலும் தன் வலிமைக்கு ஏற்ப, தான் பிறந்த கணத்திலிருந்து, மண்டபத்தின் மறுமொழி முழுவதையும் எழுப்புகிறது. அவை அனைத்தையும் கூட்டினால், அந்த மண்டபத்தில் வாசித்த கிதார் கிடைக்கிறது. கணித நூலார் இதனைக் கன்வல்யூஷன் என்பர். மறுமொழி இரண்டு நொடி நீளமானால் 88,200 எண்கள். ஒரு நொடி இசைக்கு வேண்டிய பெருக்கல்களைத் தாளில் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 389 கோடி! கூலியும் டியூக்கியும் 1965இல் வெளியிட்ட விரைவுக் கணக்கு முறை இந்தச் சுமையைப் பெரிதும் குறைத்தது. அப்படியும், வாசிக்கும்போதே இதனைச் செய்துகாட்டும் கருவியை சோனி நிறுவனம் வெளியிட்டது 1999இல்தான்.

ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். தட்டலை இரு மடங்காக்கினால் மறுமொழியும் இரு மடங்காகும் இடத்தில்தான் இக்கணக்கு செல்லும். அறை அத்தகையது. மின்கிதாரின் ஒலிபெருக்கிப் பெட்டியும் பெரும்பாலும் அத்தகையதே; ஆகவே அதன் மறுமொழியையும் பதிவு செய்து பயன்படுத்துகின்றனர். ஆனால் பெட்டிக்கு முன்னுள்ள மின்பெருக்கி, வலிந்து ஒலிக்கும்போது ஒலியையே உருமாற்றிக் கரகரக்கச் செய்கிறது. அந்தக் கரகரப்பு பலூன் ஒலிக்குள் அடங்காது. அதற்கு வேறு வழி வேண்டும்.

முழக்கம் பெருங்காயம் போன்றது. புதிதாகப் பதிவு செய்யும் பிள்ளைகள் அதனை அள்ளிப் போடுகிறார்கள். விரைவான சுரங்கள் எல்லாம் குழம்பாகிவிடுகின்றன. கிதாரின் அருகே ஒரு மைக் வைத்து நேரொலியைத் தெளிவாக எடுத்துக்கொண்டு, முழக்கத்தைக் கேட்டும் கேளாததுபோல் சேர்ப்பதே எனக்குச் சுவையாகப் படுகிறது.

வெனிஸ் நகரின் லா ஃபெனிச்சே இசையரங்கம் 1996 ஜனவரி 29 இரவு எரிந்து சாம்பலாயிற்று. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் இத்தாலிய ஆய்வாளர் இருவர் அதன் ஒலி மறுமொழிகளைப் பதிவு செய்திருந்தனர். மரமும் பூச்சும் பொன்முலாமும் போயின. அரங்கின் குரல் மட்டும் எண்களாக எஞ்சியது. அரங்கம் மீண்டும் எழுந்து 2003இல் திறக்கப்பெற்றது. எனினும், எரிவதற்கு முன்பிருந்த அரங்கில் ஒரு கிதார் எப்படி ஒலித்திருக்கும் என்று கேட்க விரும்பினால், அந்த எண்கள்தாம் வழி.

உங்கள் பள்ளி மண்டபத்தையும் இடித்துக் கட்டப்போவதாகப் பேச்சு இருக்கலாம். பழைய ஓடுகளுக்குப் பதில் தகரம் வரலாம். அதற்குமுன், விடுமுறை நாளில் ஒரு பலூனும் கைப்பேசியும் எடுத்துச் செல்லுங்கள். மின்விசிறிகளை நிறுத்துங்கள். கைப்பேசியைச் சற்றுத் தொலைவில் வைத்து, பலூனை மேடையில் வெடியுங்கள். முழக்கம் முற்றும் அடங்கும்வரை ஒருவரும் பேசாதிருங்கள். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது; ஓசை கேட்டு முதலில் ஓடிவருபவர் அவராகத்தான் இருப்பார்.