கிறிஸ்துமஸ் இரவில் மிஸ்ஸியம்மா
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் சிலம்பைப் பற்றியோ குறளைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். இவ்வாண்டு எங்கள் வீட்டார் சார்பில் நாங்கள் பேச எடுத்துக் கொண்டது, குடும்பமாய் அமர்ந்து பார்த்துச் சிரித்த ஒரு திரைப்படம். சிரிப்புப் படத்திற்கு மேடையா என்று முகஞ் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை எண்ணும்போது, அழுகையையோ வீரத்தையோ முதலில் வைக்கவில்லை. நகையைத்தான் முதலில் வைத்தார்.

மைசூர் மைன்ஸில் கிறிஸ்துமஸ் எப்படி வரும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. டிசம்பர் பிறந்ததும் லைன் வீடுகளின் வாசலில் காகித நட்சத்திரங்கள் ஏறும். கீத பவனி வருவோரின் மேளம் நள்ளிரவில் தெருவை எழுப்பும். கிறிஸ்தவர் வீட்டுக் கேக்கும் அச்சுமுறுக்கும், தீபாவளிக்கு நாம் கொடுத்த அதிரசத்திற்குப் பதிலாய் நம் வீட்டிற்கு வந்து சேரும். சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்ட பின்பு, நம் பிள்ளைகள் மாரிக்குப்பத்தில் விடியற்கால இரயிலேறிப் பெங்களூரில் வேலை பார்த்து இரவில் திரும்புகிறார்கள். பலர் தொலைவிலேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் எல்லாரையும் ஒரு கூரையின் கீழ்க் காண்பதற்கு இப்பண்டிகை விடுமுறையை விட்டால் வேறு நாள் ஏது?

மேல்நாட்டில் கிறிஸ்துமஸ் காலத்தில் குடும்பமாய்க் கண்டு மகிழ்வதற்கென்றே ஒரு வகைப் படங்கள் உண்டு. 1990இல் வந்த 'ஹோம் அலோன்' என்ற படத்தை நம் குழந்தைகள் தொலைக்காட்சியில் பார்த்து மனப்பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். பாரிசு நகருக்குப் புறப்பட்ட பெருங் குடும்பம் எட்டு வயதுப் பையனை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போகிறது. பையன் திருடர்களைப் படுத்தும் பாட்டைக் கண்டு குழந்தைகள் சிரிக்கிறார்கள். விட்டுவிட்டு வந்த பிள்ளையிடம் ஓடோடி வரும் தாயைக் கண்டு பெரியவர்கள் கண் கலங்குகிறார்கள். தமிழில் கிறிஸ்துமஸ் படம் என்று அவ்வாறு ஒரு தனி வகை வளரவில்லை. அதனால் என்ன? அந்நாட்டாரின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் படங்களுள் ஒன்றான 'மிரக்கிள் ஆன் தர்ட்டி ஃபோர்த் ஸ்ட்ரீட்', 1947ஆம் ஆண்டின் கோடையில்தான் வெளிவந்தது. படம் வந்த நாளை யார் பார்க்கிறார்கள்? கூடியிருந்து காண்பவர்களே அதைப் பண்டிகைப் படமாக்குகிறார்கள். அவ்வாறே 1955ஆம் ஆண்டு பொங்கலன்று வெளிவந்த 'மிஸ்ஸியம்மா'வை எங்கள் வீட்டார் கிறிஸ்துமஸ் படமாக்கிக் கொண்டோம்.

கதையை இளையவர்களுக்காகச் சுருங்கச் சொல்கிறோம். ஒரு ஜமீன்தார் தம் ஊர்ப் பள்ளிக்கு ஆசிரியர்கள் தேடுகிறார். பட்டம் பெற்றவர்களாகவும் கணவன் மனைவியராகவும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கிறிஸ்தவப் பெண் மேரிக்கு வேலை வேண்டும். கடன் கொடுத்த டேவிட் அவளையே மணக்கக் கேட்டு நெருக்குகிறான். இந்து இளைஞன் பாலுவுக்கும் வேலை வேண்டும். இருவரும் கணவன் மனைவியராய் நடித்து வேலையில் சேர்கிறார்கள். ஊரார் முன்னே இல்லறம், உள்ளே ஓயாத சண்டை! கள்ளமற்ற ஜமீன்தார் தம்பதியர் மேரியைப் பெற்ற மகளைப் போல் கொண்டாடக் கொண்டாட, அவளுக்குக் கோபம் ஏறுகிறது. நமக்குச் சிரிப்பு ஏறுகிறது.

மேரியாக முதலில் நடிக்கத் தொடங்கியவர் பானுமதி. பின்னர் அவ்வேடம் சாவித்திரிக்கு வந்தது. அந்த முகத்தில் கோபமும் குறும்பும் மாறி மாறி ஓடுவதைக் கண்டவர்கள் வேறொருவரை அங்கே எண்ணிப் பார்க்கவும் மாட்டார்கள். பாலுவாக ஜெமினி கணேசன், ஜமீன்தாராக எஸ். வி. ரங்காராவ், துப்பறிகிறேன் என்று பூதக்கண்ணாடியுடன் அலையும் மருமகனாகத் தங்கவேலு. எல்.வி. பிரசாத் இயக்கிய இப்படத்தை விஜயா நிறுவனத்தார் ஒரே சமயத்தில் தெலுங்கிலும் 'மிஸ்ஸம்மா' என்று எடுத்தார்கள். அதில் நாயகன் என்.டி. ராமராவ். எங்கள் அடுத்த வீட்டார் தெலுங்கர். ஜெமினியா, ராமராவா என்று இரு வீட்டுக்கும் வழக்கு இன்றளவும் தீரவில்லை; சாவித்திரி என்றால் மட்டும் இரு தரப்பும் ஒன்றாகிவிடும்.

நகை பிறக்கும் நிலைக்களங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்று தொல்காப்பியர் வகுத்தார். இன்று வரும் சிரிப்புகளுள் பல எள்ளலை மட்டுமே நம்பி நிற்கின்றன. ஒருவன் நிறத்தை, ஒருத்தி உடலை, ஓர் ஊராரின் பேச்சை இகழ்ந்தால்தான் சிரிப்பு வரும் என்று எண்ணுகிறார்கள். மிஸ்ஸியம்மாவில் எள்ளல் மிகக் குறைவு. காதலர் இருவரின் இளமையும், ஜமீன்தாரின் வெள்ளை உள்ளமும், துப்பறிவாளரின் அறியாமையுமே சிரிப்பை விளைவிக்கின்றன. ஆகையால் பாட்டியும் பேத்தியும் அருகருகே அமர்ந்து கூச்சமின்றிச் சிரிக்க முடிகிறது. வேலைக்காக எதையும் செய்யத் துணிந்த அவ்விருவரின் நிலை, வேலை தேடி வந்த பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகளாகிய நமக்குப் புரியாத ஒன்றுமன்று.

இனி, இப்பேச்சை நாங்கள் எடுத்ததன் காரணத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் இளவல் ஒரு கிறிஸ்தவப் பெண்ணை மணந்தவன். அவள் நாங்கள் சிறு வயது முதல் அறிந்த பெண். அவள் வீட்டுக் கேக்கை உண்டு வளர்ந்தவர்கள்தாம் நாங்கள். ஆயினும் மணம் என்றதும் எங்கள் வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. கேக்கு வரலாம், மருமகள் வரக்கூடாது என்பதுதானே நம் வீடுகளின் நியாயம்! அன்னையார் ஆறு ஆண்டுகள் அவர்களுக்கு முகங்கொடுக்கவில்லை. நாங்களும் வாய் திறக்கவில்லை. அந்தக் குற்றத்தில் எங்களுக்கும் பங்குண்டு என்பதை இம்மேடையில் ஒப்புக் கொள்கிறோம்.

சென்ற கிறிஸ்துமஸுக்கு அவர்கள் தம் ஐந்து வயது மகளோடு முதன்முறையாக வந்தார்கள். உணவு முடிந்தது. யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. தட்டுகளை எடுத்து வைக்கும் ஓசைதான் கேட்டது. அன்னையாரே, தாம் சிறுமியாய்க் கொட்டகையில் பார்த்த படம் என்று சொல்லி, மிஸ்ஸியம்மாவைப் போடச் சொன்னார். முதற் கால் மணி நேரம் அவரவர் தனித்தனியாகச் சிரித்தோம். தங்கவேலு வந்த பிறகு சேர்ந்து சிரித்தோம். ஏ.எம். ராஜாவின் குரலில் நிலவைப் பார்த்துப் பாடும் பாட்டு வந்தபோது, அன்னையாரும் மருமகளும் ஒரே நேரத்தில் முணுமுணுக்கத் தொடங்கி, ஒருவரையொருவர் பார்த்து நிறுத்திக் கொண்டார்கள்.

படத்தின் முடிவை அறிவீர்கள். மேரி பிறப்பிலே கிறிஸ்தவள் அல்லள். சிறு வயதில் தொலைந்து போன ஜமீன்தாரின் மகள் மகாலட்சுமியே அவள் என்று தெரிகிறது. எல்லார்க்கும் மகிழ்ச்சி, திருமணம், சுபம். அப்பொழுது அந்தக் குழந்தை கேட்டாள்: "பாட்டி, மேரி மேரியாவே இருந்திருந்தா கலியாணம் நடந்திருக்காதா?"

வீடு மீண்டும் அடங்கிப் போயிற்று. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நாம் சிரித்துவிட்டுக் கடந்து வந்த இடத்தில் ஐந்து வயதுப் பிள்ளை விரலை வைத்துவிட்டாள். அன்னையார் சற்று நேரம் திரையையே பார்த்திருந்தார். பிறகு பேத்தியை மடியில் இழுத்துக் கொண்டு, "படம் எடுத்தவங்களுக்கு அவ்வளவுதான் துணிச்சல், கண்ணு. நம்ம வீட்டுல உங்கம்மா மேரியாவே இருக்கட்டும்" என்றார். முதலில் சிரித்தவள் மருமகள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தவளும் அவளே.

பெரியோர்களே! ஆறு ஆண்டுகளாக அறிவுரையும் தூதும் செய்ய இயலாததை ஒரு சிரிப்புப் படம் செய்துவிட்டது என்று நாங்கள் மிகைப்படுத்தவில்லை. செய்தது குழந்தையின் கேள்வி. ஆனால் அக்கேள்வியை அச்சமின்றிக் கேட்பதற்கும், கோபமின்றி ஏற்பதற்கும் வேண்டிய இளகிய நேரத்தை அந்தச் சிரிப்புத்தான் தேடித் தந்தது. படத்தின் முடிவு நமக்கு நிறைவளிக்காமல் இருக்கலாம். நல்ல நகைச்சுவை எல்லாவற்றையும் தீர்த்து வைக்க வேண்டுவதில்லை. நம்மை ஓரிடத்தில் சேர்த்து உட்கார வைத்தால் போதும். எஞ்சிய முடிவை வீட்டார் எழுதிக் கொள்ளலாம்.

வள்ளுவர் பண்புடைமையைச் சொல்லுமிடத்தில், பிறரோடு கலந்து மகிழ அறியாதவர்க்கு இவ்வுலகம் பகலிலும் இருண்டே கிடக்கும் என்னும் கருத்தை வைத்தார். இதன் பொருளை மற்ற ஊரார் உரையாசிரியரிடம் கேட்க வேண்டும், நமக்கு வேண்டாம். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறைச் சூட்டிலும் பாறை வெடிப்பின் அச்சத்திலும், பகலை இருளிலே கழித்தவர்களின் மக்கள் நாம். மேலே வந்ததும் அவர்கள் கொட்டகைக்குச் சென்று வாய்விட்டுச் சிரித்தார்கள் என்றால் அது வீண் பொழுதுபோக்கா? வீட்டிற்குள் நாமே மூட்டிக் கொள்ளும் இருளைப் போக்கவும் அவர்கள் அறிந்த வழியே போதும்.

இவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் இரவிலும் எங்கள் வீட்டில் மிஸ்ஸியம்மா உண்டு. அடுத்த வீட்டுத் தெலுங்கரையும் அழைத்திருக்கிறோம். ராமராவைப் பற்றிப் பேசுவதில்லை என்ற நிபந்தனையின் மீது. நீங்களும் வாருங்கள். கேக்கு மருமகள் கையால்.