முகவரியும் வழியும்: சிதைந்த அஞ்சல் அட்டவணையைச் சீரமைத்தல்



கோலா சிலாங்கூர் தொடங்கி சபாக் பெர்ணம் வரையிலான தோட்டங்களில், ஒரு காலத்தில் கடிதங்கள் பெரும்பாலும் தோட்ட அலுவலகத்தின் பெயருக்கே வந்தன. கிராணியார் பெயரையும் லயத்தையும் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். உரியவர் யாரெனத் தெரியாத கடிதத்திற்கு அவர்முன் இரண்டு வழிகள் இருந்தன. "இப்பெயரில் எவரும் இல்லை" என்று திருப்பி அனுப்பலாம். அல்லது, விசாரிக்கும்வரை மேசையில் வைத்திருக்கலாம். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே இன்றைய உரையின் மையம்.

மின்னஞ்சல் வழங்கியில் கிராணியாரின் பணியைச் செய்வது வழி அட்டவணை. எந்த முகவரிக்கு வந்த அஞ்சல் எந்தப் பெட்டிக்கு, எந்த இயந்திரத்திற்குச் செல்ல வேண்டும் என்பதை அது சொல்கிறது. போஸ்ட்பிக்ஸ் போன்ற வழங்கிகளில் இது இரு வடிவங்களில் இருப்பதுண்டு. ஒன்று, மனிதர் படிக்கக்கூடிய எளிய உரைக்கோப்பு. மற்றொன்று, இயந்திரம் விரைந்து தேடுவதற்காக அவ்வுரையிலிருந்து ஆக்கப்பட்ட தரவுத்தளம். உரையே மூலம், தரவுத்தளம் அதன் வழிவந்தது.

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் தடைப்பட்டாலோ, வட்டு நிரம்பிப்போனாலோ தரவுத்தளம் சிதையக்கூடும். அறவே திறக்க முடியாதபடி சிதைந்தால் தீங்கு குறைவு. வழங்கி தன் நிலையை உணர்ந்து, "பிறகு வருக" என்னும் பொருளில் 4இல் தொடங்கும் விடையைத் தரும். அனுப்பிய வழங்கி அஞ்சலை வரிசையில் வைத்து மீண்டும் மீண்டும் முயலும். போஸ்ட்பிக்ஸின் இயல்பான அமைப்பில் இக்காத்திருப்பு 5 நாள்.

பாதி மட்டும் எஞ்சி, முழுமைபோல் தோன்றும் அட்டவணையே கொடியது. அதில் விடுபட்ட பெயருக்கு வழங்கி தயக்கமின்றி 550 என்று விடையிறுக்கும். அதன் பொருள், "அப்படி ஒருவர் இல்லை" என்பது. அதன்பின் மறுமுயற்சி கிடையாது, அஞ்சல் திரும்பிவிடும். மேற்படிப்பு விண்ணப்பத்திற்கு வரவேண்டிய விடை அவ்வாறு திரும்பினால், காத்திருக்கும் மாணவருக்கு அது தெரியவே தெரியாது.

ஆகவே, சீரமைப்பின் முதற்படி அஞ்சல் ஏற்பதை நிறுத்துவதே. பொய் சொல்லும் வழங்கியைவிட வாய்மூடிய வழங்கி நல்லது. உலகம் சில நாள் காத்திருக்கும். இரண்டாவது, சிதைந்த கோப்பை அழிக்காமல் படியெடுத்துத் தனியே வைத்தல். மூன்றாவது, மூல உரையிலிருந்து புதிய தரவுத்தளத்தை வேறு பெயரில் ஆக்குதல். நான்காவது, தெரிந்த முகவரிகள் சிலவற்றையும், இல்லாத முகவரி ஒன்றையும் கொடுத்துச் சோதித்தல். எல்லாம் சரியெனில் பழையதன் இடத்தில் புதியதை வைத்து, தேங்கிய அஞ்சலைச் சிறிது சிறிதாக விடுவிக்கலாம். மூல உரையும் தொலைந்திருப்பின், காப்புப்படியை நாட வேண்டும். அதுவும் இல்லையேல், முன்பு எந்த அஞ்சல் எங்குச் சேர்ந்தது எனக் காட்டும் பதிவேடுகளிலிருந்து பெயர் பெயராக மீட்டெடுக்க வேண்டும்.

இனி, தமிழ் கற்போர் சிறப்பாகக் கருத வேண்டிய ஒன்று. 2012ஆம் ஆண்டில் வெளியான இணைய நெறிமுறைகள், மின்னஞ்சல் முகவரியைத் தமிழெழுத்திலேயே எழுத வழிசெய்தன. நம் ஊரின் பெயரையே பாருங்கள். 'கோலா' என்பதன் முதலெழுத்தை யூனிகோடில் இருவகையாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. இரட்டைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால், யூடிஎப்-8 முறையில் முன்னது 6 பைட்டு, பின்னது 9 பைட்டு. பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் அட்டவணைக்கு இவை இருவேறு பெயர்கள். எதுவும் சிதையாமலே அஞ்சல் தவறிப்போகும். இதற்குத் தீர்வு, எல்லாப் பெயர்களையும் 'என்எப்சி' என்னும் இயல்பாக்க முறையில் ஒரே வடிவுக்குக் கொணர்ந்தபின் அட்டவணையை ஆக்குவது. வழங்கி தானே செய்துவிடும் என்று நம்பியிருத்தல் ஆகாது.

பெயரைத் திருத்தும் ஆர்வமும் சில வேளை கேடு செய்யும். மலேசியாவில் வணிக நோக்கில் எண்ணெய்ப்பனை முதன்முதலாக 1917இல் நடப்பட்ட தோட்டத்தின் பெயர் தென்னமரம். 'தென்னைமரம்' என்பதே செம்மையான வடிவம் எனக் கருதி அட்டவணையில் திருத்தினால், இலக்கணம் பிழைக்கும், அஞ்சல் பிழைக்காது. அத்தோட்டம் சார்ந்த பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. 45600 என்னும் அஞ்சல் குறியீடோ மாறவில்லை. பெயர் மாறியும் வழி நிலைத்தது. மின்னஞ்சலிலும் புதிய முகவரியைச் சேர்க்கும்போது பழையதை உடனே நீக்காமல், இரண்டையும் ஒரே பெட்டிக்குச் செலுத்துவதே முறை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, எத்தனையோ உறவுகள் முகவரி அறுந்து தொலைந்தன. தோட்டம் மறைந்த பின்னும் அதன் பெயரைத் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் இன்று நம்மிடம் உள்ளன. அவற்றின் முன்னாள் மாணவர் பட்டியல்களும் பெற்றோர் முகவரிகளும் நம் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றை எளிய உரையாக, ஒரே எழுத்து வடிவில், நாளிட்டு, இன்னொரு படியோடு காத்து வைப்போம். ஒவ்வொரு மாற்றமும் ஏன் செய்யப்பட்டது என்பதை அருகிலேயே தமிழில் ஒரு வரி எழுதி வைப்போம். இயந்திரம் சிதைந்தால் மீண்டும் ஆக்கிக்கொள்ளலாம்; மூலம் நம் கையில் இருக்க வேண்டும்.