மேற்படிப்பின் வாசல்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் இங்கே சேர்ந்தது 2007-ல். பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லாமல், பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் பார்த்துச் சேர்க்கை நடந்த முதல் ஆண்டு அது. அனந்தகிருஷ்ணன் குழு பரிந்துரைத்து, 2006-ல் அதற்குச் சட்டம் நிறைவேறியது. கோச்சிங் சென்டர் வாசலையே மிதிக்காத கிராமத்துப் பிள்ளைகள் என் வகுப்பில் நிறையப் பேர். யாருக்கும் அவர்கள் சளைத்துப் போகவில்லை. சிலர் இதே அரங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மேற்படிப்பு என்று வரும்போது கதை வேறு. மாநிலக் கல்லூரிகளில் எம்.இ. சேர முன்பு டான்செட், 2023 முதல் சீட்டா தேர்வு. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. என்றால் கேட். தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதானே என்பீர்கள். ஐ.ஐ.டி.யில் பி.டெக். படித்து சி.ஜி.பி.ஏ. 8 எடுத்தவர், கேட் எழுதாமலேயே அங்கு எம்.டெக்.குக்கு விண்ணப்பிக்கலாம். அதே 8 எடுத்த நம்ம தங்கச்சி எழுதித்தான் ஆகணும்.

தேர்வே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இத்தனை கல்லூரிகளின் மதிப்பெண்ணை ஒரே தராசில் நிறுக்க முடியாது. என் கவலை, தேர்வு எழுதும் இடத்துக்கே வந்து சேராதவர்களைப் பற்றியது.

கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலை ஏறினால் வெள்ளிமலை, கரியாலூர். மலையாளி பழங்குடி மக்கள் வாழும் ஊர்கள். பழங்குடியினருக்கு மாநில இடஒதுக்கீடு 1 சதவீதம். மத்திய நிறுவனங்களில் 7.5 சதவீதம். கேட் கட்-ஆஃப், பொதுப்பிரிவில் மூன்றில் இரண்டு பங்குதான். கட்டணமும் பாதி. 2026 தேர்வுக்கு வழக்கமான கட்டணம் 2,000 ரூபாய், அவர்களுக்கு 1,000.

சட்டம் இவ்வளவும் தந்திருக்கிறது. ஆனால் மலையிலிருந்து வந்து படித்த ஒரு தம்பியிடம், "கேட் எழுதேன்பா" என்றேன். "இனிமே வீட்டுல ஃபீஸ் கட்ட முடியாதுண்ணே" என்றான். கேட் தேறி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு என்பதை நாலு வருஷத்தில் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நகரத்துப் பையனுக்கு அதைச் சொல்ல வீட்டிலேயே ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருக்கிறார்.

இன்னொன்று சாதிச் சான்றிதழ். பழங்குடியினருக்கு அதைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தரவேண்டும். விசாரணை, அலைச்சல் என்று நாள் ஓடி, கைக்கு வருவதற்குள் கடைசித் தேதி போய்விடக்கூடும்.

தம்பி தங்கைகளே, மூன்றாம் ஆண்டிலேயே கேட் எழுதலாம். அந்த மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். சான்றிதழை இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆளுக்கு ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பம் போடுவது முதல் கவுன்சலிங் வரை கூட இருப்போம். கட்டணம் கட்ட முடியாதவர்களுக்குச் சங்கம் கட்டட்டும். இந்த ஆண்டு முதல் பத்துப் பேருக்கு நான் கட்டுகிறேன். மீதிக்கு, மதிய விருந்துக்கு எழுந்துபோகும் முன் செயலாளரிடம் உங்கள் பெயரைக் கொடுங்கள்.