மொட்டை மாடி வைஃபைக்கு சர்ஜ் புரொடக்டர்: வாங்கினால் மட்டும் போதாது

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எலக்ட்ரீஷியன் இல்லை. சங்கத்துப் பணத்தில் ஒரு தப்பு செய்துவிட்டு, அதன் பிறகு நாலு பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

போன சித்திரையில் இடி இடித்த அந்த ராத்திரி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கேட் கேமராவின் படத்தை ஆபீஸ் ரூமுக்குக் கொண்டுவரும் மாடி வயர்லெஸ் பெட்டி போயிற்று. லேன் கேபிள் வழியாகக் கீழே இருந்த சுவிட்சும் ரெக்கார்டரும் போயின. பத்து நாள் கேட்டில் கேமரா இல்லை. "சர்ஜ் புரொடக்டர் வாங்கினோமே சார்?" என்று நீங்கள் கேட்டது நியாயம். வாங்கியது நான்தான். அதன் எர்த் ஒயரை எதிலும் இணைக்காமல் சுருட்டி வைத்திருந்ததைப் பார்க்காமலே பில்லில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

நம் மாடியில் மின்னல் விழவில்லை. விழ வேண்டியதும் இல்லை. பக்கத்தில் எங்கேயாவது விழுந்தாலே நீளமான கேபிளில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பெரிய மின்னழுத்தம் பாயும். "மலை இருக்கிறதே, மின்னல் அங்கேதான் போகும்" என்று சிலர் சொன்னீர்கள். 365 படி உயரத்தில் முருகன் கோயில் இருப்பது நம் மாடிக்குக் குடை ஆகாது.

சர்ஜ் புரொடக்டர் அந்த மின்சாரத்தை விழுங்குவதில்லை; பூமிக்கு வழி திறந்து விடுகிறது, அவ்வளவுதான். எர்த் இல்லாமல் அதை மாட்டுவது, மழைநீர்க் குழாய் வைத்துவிட்டுக் கீழே வாயை அடைப்பது மாதிரி.

வாங்கும்போது நான்கு விஷயம் பாருங்கள்.

1. மாடிப் பெட்டிக்கு மின்சாரமும் லேன் கேபிளிலேயே போகிறது. அது 24 வோல்ட்டா, 48 வோல்ட்டா என்று பார்த்து அதற்கேற்றதை வாங்குங்கள். 48-க்கு 24 போட்டால் பெட்டியே வேலை செய்யாமல் போகலாம். 24-க்கு 48 போட்டால் காப்பு தாமதமாகும்.

2. ஜிகாபிட் வேகம் என்றால் கேபிளின் 8 கம்பிகளுக்கும் காப்பு வேண்டும். சில மாடல்களில் 4 கம்பிக்குத்தான் இருக்கும்.

3. மழை, வெயில் தாங்கும் பெட்டியாக இருக்கட்டும்.

4. ஒன்று போதாது. மாடியில் கருவிக்குப் பக்கத்தில் ஒன்று, கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் ஒன்று. டிவிக்குப் போடும் ஸ்பைக் பஸ்டர் லேன் கேபிளைக் காப்பாற்றாது.

எர்த் ஒயர் தடிமனாக, குட்டையாக, வளைவில்லாமல் போக வேண்டும். மாடிக்கென்று தனியாக ஒரு எர்த் குழி தோண்டி அப்படியே விடக்கூடாது. கட்டடத்தின் எர்த்தோடு அதை இணைக்க வேண்டும். இரண்டு எர்த்துக்கும் நடுவில் மின்னழுத்த வித்தியாசம் வந்தால் அது நம் கருவி வழியாகத்தான் பாயும்.

இவ்வளவு செய்தாலும் நேராக மின்னல் விழுந்தால் எந்த சர்ஜ் புரொடக்டரும் உத்தரவாதம் தராது. அதனால் இரண்டு பிளாக்குக்கும் நடுவே புதிதாகக் கேபிள் இழுத்தால் ஃபைபர் போடச் சொல்லுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. இடி சத்தம் கேட்ட பிறகு யாரும் ஒயரைப் பிடுங்க மாடிக்கு ஓடாதீர்கள். பெட்டி போனால் வாங்கிக்கொள்ளலாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துப் போங்கள்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். ஐப்பசி மழைக்கு முன்னால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து முதலில் எர்த்தைச் சோதிப்போம். அதற்கான செலவுக்கு ஒப்புதல் கொடுங்கள். சர்ஜ் புரொடக்டர் வாங்குவது அதற்கு அப்புறம். இந்தத் தடவை எர்த் ஒயர் எங்கே முடிகிறது என்று என் கண்ணால் பார்த்த பிறகுதான் பில்லில் கையெழுத்துப் போடுவேன். நீங்களும் இரண்டு பேர் கூட வந்து பாருங்கள்.