எல்லா மூளையும் ஒரே அச்சா?

(தொழிலாளர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



மூளை வேலை செய்கிற விதத்தில் பெரும்பாலோருக்கு மாறாக இருக்கிற மக்களை வேலை செய்யும் இடங்களில் எப்படி நடத்துவது என்பது பற்றிப் பேசும்படி கேட்டுக் கொள்ளப்பட்டிருக்கிறேன். ஆட்டிசம் என்றும், எழுத்தைப் படிப்பதில் சிரமம் கொடுக்கும் டிஸ்லெக்சியா என்றும், கவனம் ஓரிடத்தில் நிற்கவொட்டாத ஏ.டி.எச்.டி. என்றும் வைத்தியர்கள் இவற்றிற்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் வேறு பெயர்கள் உண்டு. மந்தம், கிறுக்கு, திமிர், போன ஜன்மத்துப் பாவம் என்பவைதான் அவை. பெயர் வைத்து விட்டால் பிறகு யோசிக்க வேண்டிய சிரமம் இல்லையல்லவா?

தோழர்களே! 1943-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து டாக்டர் லியோ கன்னர் என்பவர் 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் என்பதை உலகம் கவனித்தது அதன் பிறகுதான். அதில் முதலாவதாகக் குறிக்கப்பட்ட பிள்ளை, மிசிசிப்பி மாகாணத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்லெட். மூன்று வயதில் அவரை ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். சுமார் ஒரு வருஷத்திற்குப் பின் பெற்றோர் மனம் பொறுக்காமல் வீட்டுக்குத் திரும்ப அழைத்து வந்தனர். உள்ளூர்ப் பள்ளியில் படித்தார், 1958-ல் கல்லூரிப் பட்டம் பெற்றார், ஊர்ப் பாங்கியில் வேலையில் அமர்ந்தார். சுமார் 65 வருஷம் அந்தப் பாங்கியிலேயே இருந்தார். 27-ம் வயதில் மோட்டார் ஓட்டக் கற்றார், பல தேசங்கள் சுற்றினார், 2023-ல் 89-ம் வயதில் காலமானார்.

நல்ல கதைதான். ஆனால் அந்தப் பாங்கி யாருடையது? அவருடைய தாயாரின் குடும்பத்தார் ஸ்தாபித்தது! அங்கே அவரை உட்கார வைத்து, "என் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லு" என்று யார் மிரட்டியிருப்பார்கள்? அதே டாக்டர் 1971-ல் அந்தப் பிள்ளைகளின் பின்னிலையை விசாரித்து எழுதியபோது, அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டவர்களுக்கு அது ஆயுள் தண்டனைக்கொப்பாக முடிந்தது என்று எழுதினார். ஒவ்வொருவர் குறையின் அளவும் ஒன்றல்ல என்பது மெய்யே. ஆனாலும் பாங்கி வைத்திருந்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த இடம் மற்றப் பிள்ளைக்குக் கிடைக்காததற்கு விதி என்று பெயர் சொல்லி நம்மை ஏமாற்ற முடியுமா? (தாயின் அன்புக் குறைவால்தான் பிள்ளைக்கு இது வருகிறதென்று படித்த டாக்டர்களே சில காலம் எழுதிக் கொண்டிருந்தார்கள். கோட்டுப் போட்ட மூடநம்பிக்கையும் உண்டு என்பதற்காக இதைச் சொன்னேன்.)

நிற்க, வேலைக்கு எடுக்கும் முறையைப் பாருங்கள். கணக்கு எழுதவோ, கம்ப்யூட்டரில் பிழை கண்டுபிடிக்கவோ ஆள் வேண்டும். ஆனால் பரீட்சை எதில் நடக்கிறது? சிரித்துப் பேசுவதில், கை குலுக்குவதில்! வேலை தெரிந்தவன் வாசலோடு திரும்புகிறான், வாய் தெரிந்தவன் நாற்காலியில் உட்காருகிறான். டென்மார்க்கில் தோர்கில் சோன்னே என்பவர், தம் மகனுக்கு ஆட்டிசம் இருப்பதைக் கண்டு, 2004-ல் ஸ்பெஷலிஸ்டெர்னே என்ற கம்பெனியை ஆரம்பித்தார். அங்கே வாய்ப் பேச்சுப் பரீட்சைக்குப் பதிலாக, லேகோ துண்டுகளால் இயந்திர பொம்மை செய்து ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். வேலையைச் செய்யவிட்டு வேலையை மதிப்பிடுவது அவ்வளவு பெரிய அதிசயமா?

இனி, வேலைக்குள் வந்த பிறகு நடப்பது. மேஸ்திரி, "பார்த்துச் செய்யப்பா" என்கிறார். நமக்கு விளங்கிவிடுகிறது, அல்லது விளங்கியதுபோல் தலையாட்டுகிறோம். ஆட்டிசம் உள்ள தொழிலாளியோ, "எதைப் பார்ப்பது? எத்தனை செய்வது? எப்பொழுதுக்குள்?" என்று கேட்கிறார். எதிர்த்துப் பேசினான் என்று மெமோ வருகிறது! இந்த மூன்று கேள்விக்கும் விடையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் விவகாரம் தீர்ந்தது. ஷிப்டு மாறுகிறதென்றால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இயந்திர இரைச்சலும் மினுக்கும் விளக்கும் தாங்காதவருக்கு ஒரு மூலை இடமோ காதடைப்போ கொடுக்கலாம். கவனம் சிதறுகிறவருக்குப் பெரிய வேலையைச் சிறு சிறு பங்காகப் பிரித்துக் கொடுக்கலாம். எழுத்து தடுமாறுகிறவருக்குக் கம்ப்யூட்டரே வாசித்துக் காட்டுகிறது. கட்டளையிடுகிறவர் ஒருவராக இருக்கட்டும். நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் நமக்கே தலை சுற்றாதா? முதலாளி மூக்குக்கண்ணாடி போட்டுக் கொண்டு கணக்குப் பார்ப்பதைச் சலுகை என்று யாரும் சொல்லவில்லை.

மற்றொரு சங்கதி. 1988-ல் "ரெயின் மேன்" என்ற சினிமா வந்தது முதல், இவர்களெல்லாம் அபார ஞாபகசக்தியுள்ள மேதாவிகள் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. சிலர் அப்படி இருக்கலாம். பெரும்பாலோர் உங்களையும் என்னையும்போல் சாதாரண வேலைக்காரர்கள். மேதாவியாயிருந்தால்தான் இடம் என்றால், அதுவும் ஒரு புதுவிதத் தீண்டாமைதான். சாதாரணமாயிருக்கும் உரிமை நமக்கு மாத்திரமா?

சட்டமும் இப்போது கொஞ்சம் கண் திறந்திருக்கிறது. இந்தியாவில் 1995-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைகள் மாத்திரமே இருந்தன. அதில் ஆட்டிசம் இல்லை. 2016-ம் வருஷத்துச் சட்டம் 21 வகைகளாக விரித்து, ஆட்டிசத்தையும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைகளையும் சேர்த்தது. சர்க்கார் வேலையில் 4 சதவிகிதம் ஒதுக்கி, அதில் 1 சதவிகிதத்தை ஆட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறை, கற்றல் குறை, மனநோய், பல குறைகள் சேர்ந்தவர்கள் ஆகிய எல்லோருக்கும் பொதுவாக வைத்தது. ஏ.டி.எச்.டி. பட்டியலில் தனியாக இல்லை. தனியார் கம்பெனிகளுக்கு ஒதுக்கீட்டுக் கட்டாயமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு ஸ்தாபனமும், தனியார் ஸ்தாபனம் உள்பட, சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும் என்று அச்சட்டத்தின் 21-வது பிரிவு சொல்லுகிறது.

உங்களில் எத்தனை பேர் உங்கள் கம்பெனியின் அந்தக் காகிதத்தைக் கண்ணால் கண்டிருக்கிறீர்கள்? ஒரு கையும் உயரவில்லை. அடுத்த மாதம் சங்கத்தார் நிர்வாகத்தைச் சந்திக்கும்போது, போனஸ் பேச்சோடு இதையும் கேளுங்கள். இல்லையென்றால் எப்போது எழுதப் போகிறீர்கள் என்று தேதி கேளுங்கள்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். சந்தேகம் கேட்க விரும்பும் தோழர்களுக்கு இடம் விட்டு உட்காருகிறேன்.